மாப்பிள்ளை கண்டுபிடித்த பகா எண்

"எந்த நம்பர் வேணும்னாலும் அடிச்சுப் பாருங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு மாதேவன் நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டான்.

இராஜாக்கமங்கலத்தில் அவன் வீட்டு மாடி அறை. ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜன்னலில் கடல் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் வந்தது. உள்ளே மூன்று கம்ப்யூட்டர்கள் மூடியைக் கழற்றிய கோலத்தில், ஒரு டேபிள் ஃபேனின் காற்றை வாங்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. தரை முழுக்கப் பழைய பேட்டரிகள். ஆசிட் வாடையும் உப்புக்காற்றும் கலந்து தொண்டையைக் கமற வைத்தன.

கீழே கூடத்தில் என் அண்ணனும் மதினியும் முந்திரிக்கொத்து தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் மகள் பகவதிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போயிருந்தோம். போனவர்களில் எனக்கு மட்டும் ஒரு வேலை தரப்பட்டிருந்தது. மாப்பிள்ளை கண்டுபிடித்ததாகச் சொல்லும் எண் மெய்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மெய் என்றால் நிச்சயதார்த்தம், பொய் என்றால் காரில் ஏறிவிட வேண்டியது.

இந்தத் தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் நாகர்கோவிலில் ஒரு பெண்கள் கல்லூரியில் காலம் பூராவும் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் பந்திக்கு இலை எத்தனை என்று என்னிடம்தான் கேட்பார்கள். மாப்பிள்ளையைச் சரிபார்க்கக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பயோடேட்டாவில் ஒரு வரி

இப்போதெல்லாம் வரன் வாட்ஸப்பில் வருகிறது. சொந்தக்காரர்களும் அவர்களுக்குச் சொந்தக்காரர்களுமாக எல்லாரும் இருக்கும் ஒரு குழு. அதில் காலை வணக்கப் பூக்களுக்கும் மரண அறிவிப்புகளுக்கும் நடுவில் பயோடேட்டாக்கள் வந்து விழும். மாதேவனுடையதும் அப்படித்தான் வந்தது. எஞ்சினியரிங் டிப்ளமோ, மஸ்கட்டில் சில வருடங்கள், இப்போது இராஜாக்கமங்கலம் சங்ஷனில் சொந்தமாக இன்வெர்ட்டர், பேட்டரி கடை. கோத்திரம், நட்சத்திரம், உயரம். அதற்குக் கீழே தனிப்பட்ட சாதனை என்று போட்டு, 'உலகின் மிகப் பெரிய பகா எண்களில் ஒன்றைக் கண்டுபிடித்தவர்.'

மற்ற மாப்பிள்ளைகள் அந்த இடத்தில் கிரிக்கெட், இசை என்று போடுவார்கள்.

அண்ணன் போனைத் தூக்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தான். பெயர் சிவதாணு, பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவன், தேரூர்ப் பக்கம் கொஞ்சம் வயல் இருக்கிறது. "செம்பகம், இது என்ன எளவாக்கும்?" என்று கேட்டான்.

விளக்கினேன். ஒரு விஷயத்தை அண்ணனுக்கு விளக்குவது என்பது கல்லூரியில் கடைசி மணி நேர வகுப்பு எடுப்பதைவிடக் கஷ்டம். பந்தியை வைத்துச் சொன்னேன். பன்னிரண்டு பேர் சாப்பிட வந்தால் நாலு நாலாக மூன்று வரிசை போடலாம், ஆறு ஆறாக இரண்டு வரிசை போடலாம். பதின்மூன்று பேர் வந்தால் எப்படிப் போட்டாலும் சமமாக வராது, எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைக்க வேண்டியதுதான். பதின்மூன்று பகா எண். பன்னிரண்டு பகு எண்.

"அப்பம் பெரிய பகா எண்ணுன்னா?"

"இந்த மாவட்டத்து சனம் பூரா வந்து உக்காந்தாலும் பத்தாத அளவுக்குப் பெரிய பந்தி. அதையும் சமமா வரிசை போட முடியாதுன்னு ஒருத்தன் காட்டணும்."

"இதுனால யாருக்கு என்ன லாபம்?"

ஒன்றும் இல்லை என்றேன். பேங்குக் கணக்கைப் பூட்டி வைக்கப் பகா எண்கள் உதவுகின்றன, அது நிஜம். ஆனால் மாதேவனுடையது போன்ற ராட்சத எண்கள் அதற்கும் ஆகாது. சும்மா தேடுகிறார்கள். உலகம் முழுக்க இதற்கென்று ஆட்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களை இரவும் பகலும் ஓட விட்டிருக்கிறார்கள். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அந்த ஆட்களில் நானும் ஒருத்தியோ என்று சந்தேகம் வந்திருக்கும்.

பிறகு விஷயத்துக்கு வந்தான். "எனக்கு எண்ணு வேண்டாம் மக்கா. அவன் சொன்னது நெசமா இல்லியான்னு மட்டும் சொல்லு. ஒண்ணுல பொய் சொன்னவன் எல்லாத்துலயும் சொல்லுவான்."

முந்தின மாப்பிள்ளை

அண்ணன் அப்படிப் பேசியதற்குக் காரணம் உண்டு. இதற்கு முன் ஒரு வரன் நிச்சயம் வரைக்கும் போய், பத்திரிகையும் அச்சாகி வந்த பிறகு முறிந்தது. துபாயில் பெரிய கம்பெனியில் எஞ்சினியர் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வேலை போய் எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. பையன் திருவனந்தபுரத்தில் ஒரு நண்பன் அறையில் இருந்துகொண்டு, துபாய் நேரம் பார்த்து வீடியோ காலில் வந்துகொண்டிருந்தான்.

அண்ணன் விசாரிக்காமல் இல்லை. எங்கள் பக்கத்தில் வரன் விசாரிப்பு என்பது ஒரு பெரிய காரியம். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அண்ணன் ஊர் ஊராகப் போனான். பையனின் தாய்மாமனைக் கேட்டான். சித்தப்பாவைக் கேட்டான். கோவில் கமிட்டித் தலைவரைக் கேட்டான், அவர் பையனுக்குப் பெரியப்பா முறை. எல்லாரும் தங்கமான பையன் என்றார்கள். தெரியாத ஆளிடம் போய் எப்படிக் கேட்பது, கேட்டால் நம் வீட்டு விஷயம் வெளியே போய்விடாதா என்பது அண்ணன் கட்சி. விசாரிக்கப் போகிறவர்கள் எல்லாருமே எங்கள் ஊரில் இதே மாதிரிதான் செய்கிறார்கள்.

விஷயம் உடைந்தபோது அந்தப் பையன் அழவெல்லாம் இல்லை. "தப்பாச் சொல்லிட்டேன் மாமா," என்று மட்டும் சொன்னான்.

பகவதி நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். அடுத்த நாளே வேலைக்குப் போனாள். ஊர்க்காரர்கள் அவனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, பெண்ணுக்கு என்ன குறையோ என்றுதான் பேசினார்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அவளுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு வந்த வரன்களையெல்லாம் அண்ணன் தொடாமலே தட்டிக் கழித்துக்கொண்டிருந்தான். இதையாவது பார்க்கட்டும் என்று பகவதியே சொன்னதால்தான் இவ்வளவு தூரம் வந்தது.

மாதேவனோடு அவள் சில நாட்கள் போனில் பேசியிருந்தாள். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அது எனக்குத் தெரியும், மதினிக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது.

பட்டியலில் இல்லாத எண்

மாப்பிள்ளை வீடு பார்க்க ஒற்றைப்படையாகத்தான் போக வேண்டும், அதிலும் மூன்று ஆகாது. அண்ணன், மதினி, மதினியின் தம்பி, நான், இவ்வளவு பேர்தான் தேறினோம். கடைசியில் கார் டிரைவரையும் கணக்கில் சேர்த்து ஐந்தாக்கினார்கள். அவருக்கும் கூடத்தில் நாற்காலி போட்டு ரசவடை கொடுத்தார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே நாலு தின்றார்.

மாதேவனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர் வந்ததுல ரெம்ப சந்தோசம். இவன் என்னத்தையோ கண்டுபிடிச்சிருக்கான், எனக்கு வெளங்கல்ல. வெளங்குன ஆளு ஒருத்தர் வீட்டுக்கு வந்தியளே," என்றாள். அந்த அம்மாவுக்குப் புருஷன் இல்லை. மகன் செய்தது எதுவானாலும் அது பெரிய காரியம்தான்.

மாடிக்கு நானும் மாதேவனும் மட்டும் போனோம். பார்க்க ஆள் ஒல்லி, விரல் நகங்களில் கறுப்பு. நன்றாகப் பேசினான். நடிப்பு இல்லை, ஆனால் பெருமை இருந்தது.

அவன் எடுத்துக்கொண்ட எண்ணின் வகை கணக்குக்காரர்களுக்கு ரொம்பப் பழக்கமானது. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கழித்துவிட வேண்டும். மூன்று இரண்டுகளைப் பெருக்கினால் எட்டு, ஒன்றைக் கழித்தால் ஏழு. ஐந்து இரண்டுகள் என்றால் முப்பத்தொன்று. ஏழு இரண்டுகள் என்றால் நூற்று இருபத்தேழு. எல்லாமே பகா எண்கள். எத்தனை இரண்டு என்ற கணக்கும் பகா எண்ணாக இருந்தால்தான் விடை பகா எண்ணாக வர வாய்ப்பு உண்டு. வாய்ப்புத்தான், உறுதி இல்லை. பெரிய எண்களுக்குப் போகப் போக இந்த வகையில் பகா எண் அகப்படுவது மிக அபூர்வம்.

மாதேவன் கோடிக்குப் பக்கத்தில் ஒரு பகா எண்ணை எடுத்து, அத்தனை இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்திருந்தான். எழுதிப் பார்த்தால் முப்பது லட்சம் இலக்கம் வரும்.

"தம்பி, இந்த வகையில தெரிஞ்ச பகா எண்களுக்கு நெட்டுல பட்டியல் இருக்கு. உங்க எண் அதுல இல்லையே," என்றேன். கிளம்புவதற்கு முன்பே பார்த்து வைத்திருந்தேன்.

"அதுதானே டீச்சர் விசேசம். பட்டியல்ல இல்லாததுனாலதான் புதுசு."

"பட்டியல்ல இல்லாததுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அந்த எல்லை வரைக்கும் ஏற்கெனவே ஆட்கள் தேடிப் பாத்தாச்சு."

"தேடுன ஆளு ஒண்ணை விட்டிருக்கலாம்லா?"

விட்டிருக்கலாம்தான். இல்லை என்று சொல்ல என் கையில் ஆதாரம் இல்லை. யாரோ எங்கேயோ சொன்னதை வைத்து ஒருவனைப் பொய்யன் என்பதற்கு நான் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

"இதுக்கு முன்னால எத்தனை எண் சோதிச்சீங்க?" என்று கேட்டேன்.

"பெரிசுல இது ஒண்ணுதான். ஓடி முடியதுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. எடுத்த ஒடனே கெடச்சிட்டு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடலில் முதல் தடவை வலை போட்டவனுக்குத் திமிங்கிலம் சிக்கியது என்றால், நான் வலையைத்தான் பார்ப்பேன்.

புரோகிராம் அவனே எழுதியது. என்ன சோதனை என்று கேட்டேன், சொன்னான். இரண்டைத் தவிர எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் அதைவிட ஒன்று குறைவான தடவை இரண்டைப் பெருக்கி, அந்தப் பகா எண்ணாலேயே வகுத்தால் மீதி ஒன்றுதான் வரும். ஏழுக்கு ஆறு தடவை பெருக்கினால் அறுபத்து நாலு, ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. அருமையான விதி, பல நூற்றாண்டுகளாக நிற்கிறது. மீதி ஒன்று வராவிட்டால் அது பகா எண் இல்லை, சந்தேகமே வேண்டாம். ஒன்று வந்துவிட்டால்? பெரும்பாலும் பகா எண். இந்தப் பெரும்பாலும் என்ற சொல்லை மாதேவன் கண்டுகொள்ளவில்லை.

"புரோகிராம் சரியான்னு எப்படிப் பாத்தீங்க?"

"எத்தனை ரெண்டுன்னு அடிச்சாப் போதும், மிச்சத்தை அதுவே பாத்துக்கிடும். பட்டியல்ல உள்ளதெல்லாம் குடுத்துப் பாத்தேன் டீச்சர். மூணு, அஞ்சு, ஏழு, பதிமூணு, பதினேழு, பத்தொம்பது. எல்லாத்துக்கும் ப்ரைம்னு கரெக்டாச் சொல்லிட்டு."

"பதினொண்ணு?"

"அது குடுக்கல்ல. அது பட்டியல்ல இல்லியே."

அதற்குப் பிறகுதான் எந்த நம்பர் வேண்டுமானாலும் அடித்துப் பாருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

பதினொன்று

பதினொன்று அடித்தேன்.

கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. பச்சை எழுத்தில் 'ப்ரைம்' என்று வந்தது.

மாதேவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பாவம், நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான்.

"பதினோரு இரண்டைப் பெருக்கி ஒண்ணைக் கழிச்சா எவ்வளவு?" என்றேன்.

"ரெண்டாயிரத்து நாப்பத்தேழு."

"ஒரு பேப்பர் எடுங்க. இருபத்து மூணை எண்பத்தொன்பதால பெருக்குங்க."

போன் இருந்தது, மூன்று கம்ப்யூட்டர் இருந்தது. ஆனாலும் அவன் பேட்டரி அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பேனாவால் பெருக்கினான். ஒரு தடவை பெருக்கினான். பிறகு எண்பத்தொன்பதை மேலே போட்டு, இருபத்து மூன்றைக் கீழே போட்டு, இன்னொரு தடவை பெருக்கினான். இரண்டு தடவையும் இரண்டாயிரத்து நாற்பத்தேழு வந்தது.

முகம் வெளிறிப் போயிற்று. கீழே மதினியின் தம்பி எதற்கோ பலமாகச் சிரிப்பது கேட்டது. நான் எத்தனையோ மாணவிகளின் விடைத்தாளில் பெரிய பூஜ்யம் போட்டவள், யோசித்துப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு எனக்குச் சங்கடமாக இருந்தது.

"எப்படி டீச்சர்?" என்றான்.

சொன்னேன். இரண்டாயிரத்து நாற்பத்தேழுக்குச் சோதனை செய்ய இரண்டாயிரத்து நாற்பத்தாறு இரண்டுகளைப் பெருக்க வேண்டும். அவற்றைப் பதினொன்று பதினொன்றாகக் கட்டினால் மிச்சமில்லாமல் கட்டலாம். ஒவ்வொரு கட்டும் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு, இரண்டாயிரத்து நாற்பத்தேழால் வகுத்தால் மீதி ஒன்று. எல்லாக் கட்டுகளுக்கும் மீதி ஒன்று, ஒன்றை ஒன்றால் எத்தனை தடவை பெருக்கினாலும் ஒன்று. பகா எண்ணோ இல்லையோ, மீதி ஒன்றுதான் வரும். பதினொன்றுக்கு மட்டும் இல்லை, இந்த வகை எண்களில் பகா எண்ணிக்கையில் இரண்டுகளைப் பெருக்கிய எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அவன் கோடிக்குப் பக்கத்தில் எந்தப் பகா எண்ணை எடுத்திருந்தாலும் பச்சை எழுத்துத்தான் வந்திருக்கும்.

"இரண்டைப் பெருக்கிப் பெருக்கிச் செஞ்ச எண்ணைப் பத்தி இரண்டுகிட்டயே போய்க் கேட்டிருக்கீங்க. அது வேற என்ன சொல்லும்?"

கணக்கில், இங்கே இரண்டிடம் கேட்டதுபோலப் போய்க் கேட்கிற எண்ணுக்குச் சாட்சி என்றுதான் பெயர். அதைச் சொல்லும்போது எனக்கு அண்ணனின் வெள்ளை வேட்டியும், தாய்மாமனும், பெரியப்பாவும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

மாதேவன் அட்டையைக் கீழே வைத்தான். "ரெண்டுதான் மெசினுக்கு சுளுவுன்னு எடுத்தேன். அப்பம் மூணுகிட்ட கேட்டா?" என்றான்.

"மூணுக்கு இந்த எண்ணோட உறவு கிடையாது. கேளுங்க."

திரும்பி உட்கார்ந்து புரோகிராமில் ஒரே ஒரு இடத்தை மாற்றினான். பதினொன்றைக் கொடுத்தான். இந்தத் தடவை பச்சை வரவில்லை. பெரிய எண்ணை ஓட விட்டான். ஒரு மாதமாவது ஆகும் என்றான். நான் எழுந்தேன்.

கீழே இறங்கியதும் அவன் அம்மா ஆவலோடு கேட்டாள். "பாத்தியளா டீச்சர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாதேவன், "அதுல ஒரு சந்தேகம் இருக்கும்மா. திரும்ப ஓட்டிப் பாக்கணும்," என்றான். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். வரும்போது பிடித்த கையை, போகும்போது பிடிக்கவில்லை.

காரில்

கார் சங்ஷனைத் தாண்டியது. அண்ணன் முன்சீட்டில் இருந்து திரும்பினான்.

"நெசமா, பொய்யா?"

"அது பகா எண் இல்லைன்னுதான் நெனக்கேன். அவன் செஞ்ச சோதனை தப்பு."

"அப்பம் பொய்யன்."

"பொய் வேற, தப்பு வேற அண்ணே."

"முந்தின பெயலும் தப்பாச் சொல்லிட்டேன்னுதானே சொன்னான்."

தெரிந்தே சொன்னானா, தெரியாமல் சொன்னானா என்று ஒரு ஆளைக் கண்டுபிடிக்க எந்தப் பாடப்புத்தகத்திலும் விதி இல்லை. மதினி மட்டும், "பையன் நல்லாத்தான் இருக்கான்," என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். "சவத்தத் தள்ளு," என்று அண்ணன் முடித்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து பகவதி என் வீட்டுக்கு வந்தாள். நடந்ததை முழுக்கச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"அத்தை, தப்புன்னு தெரிஞ்சப்பம், வெளிய சொல்லாதீங்கன்னு ஒங்ககிட்ட கேட்டாரா?"

"கேக்கல்ல."

"அவருக்க பிராயத்துல ஒரு ஆம்பள, வந்த எடத்துல ஒரு பொம்பள தப்பைக் காட்டிட்டான்னு சண்ட போட்டாரா?"

"அதுவும் இல்ல. பேப்பர் எடுத்துப் பெருக்குனாரு. ரெண்டு தடவ."

"எனக்கு அவரப் புடிச்சிருக்கு அத்தை. எண்ணு எப்படிப் போனா எனக்கென்ன? ஆனா இன்னொரு தடவ ஏமாந்தா எனக்குத் தாங்காது," என்றாள். எந்த நோயாளியிடமும் வலிக்கிறதா என்று கேட்டே பழகியவள், தனக்கு வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அண்ணனிடம் போய், அந்த எண் ஓடி முடிகிற வரைக்கும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பாதே என்று கேட்டேன். கார்த்திகை முடிய இன்னும் நாள் இருந்தது. மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் நிச்சயம் வைக்க மாட்டார்கள். அதற்குள் எது என்றாலும் முடிவாகட்டும் என்று அண்ணன் முனகிக்கொண்டே சம்மதித்தான்.

மூன்றிடம் கேட்ட நாட்கள்

மழை விட்டு விட்டுப் பெய்தது. குளங்கள் நிரம்பி, அண்ணனின் வயலில் நாற்று பாதி மூழ்கிக் கிடந்தது. நாகர்கோவிலில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. இன்வெர்ட்டர்க் கடைக்காரன் வீட்டில் அந்தக் கவலை இல்லை. மாதேவனின் மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பகவதி மூலம் அவ்வப்போது தகவல் வந்தது. அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஒனக்க மூணு என்ன சொல்லுகு?" என்று கேட்பான். கேலிதான், ஆனால் காது என் பக்கமே இருக்கும்.

கார்த்திகை பாதிக்கு மேல் போன பிறகு, ஒரு காலை நேரம் சொந்தக்காரர் குழுவில் மாதேவனின் செய்தி வந்தது.

'என் பயோடேட்டாவில் குறிப்பிட்டிருந்த எண் பகா எண் அல்ல. நான் செய்த சோதனை முறை தவறு. வேறு முறையில் மறுபடி சோதித்ததில் அது பகு எண் என்று தெரிந்தது. அந்த வரியை நீக்கிக்கொள்ளவும். மற்ற விவரங்கள் சரியானவை.'

அதன் கீழே பதினொன்றுக்கான கணக்கையும் எழுதிப் போட்டிருந்தான். சொந்தக்காரர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்றால், முதல் ஆள் கும்பிடும் படம் போட்டார். அடுத்தவர் 'வாழ்த்துகள் மாதேவா, மேலும் வளர்க' என்றார். அவரைப் பார்த்து இன்னும் பலர் வாழ்த்தினார்கள். ஒருவர் மட்டும் முழுதாகப் படித்திருக்க வேண்டும். கல்யாணம் ஆகாத பையன் இப்படியெல்லாம் பொதுவில் எழுதலாமா என்று கேட்டிருந்தார்.

மாதேவனின் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். பகவதி சொன்னாள்.

நான் போனை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அண்ணன் செய்தியைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தான்.

"கோட்டிக்காரன், சரியான கிறுக்கன்," என்றான். பிறகு, "ஒனக்குத் தெரிஞ்சு போச்சு. நீ எப்படியும் சொல்லிருவன்னு அவனுக்குத் தெரியும். அதனால அவனே முந்திக்கிட்டான்," என்றான்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அண்ணன் சொன்னதிலும் ஒரு ஓட்டை இல்லை. மாட்டிக்கொண்ட பிறகு வருகிற உண்மைக்கு எவ்வளவு மதிப்பெண் போடுவது?

"அவன் ஆளு சொன்னாலும் ஒனக்கு ஆகாது, நான் சொன்னாலும் ஆகாது, அவனே சொன்னாலும் ஆகாது. அவனக் கண்டாலே ஆகாத ஒருத்தன் இருப்பான், அவன்கிட்ட போய்க் கேளு," என்று சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். கோபத்தில் சொன்னதுதான், அண்ணன் இதையெல்லாம் செய்வான் என்று நான் நினைக்கவில்லை.

எதிர்க்கடை

மூன்றாம் நாள் மத்தியானம் மதினி போன் பண்ணினாள். "செம்பகம், ஒடனே வா. ஒங்க அண்ணன் இராஜாக்கமங்கலம் போயிட்டு வந்து ஒண்ணும் பேசாம உக்காந்திருக்காவ," என்றாள்.

போனேன். அண்ணன் சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு விடுமுறை என்பதால் பகவதியும் வீட்டில் இருந்தாள். உள்ளறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மாதேவன் கடைக்கு நேர் எதிரே இன்னொரு பேட்டரிக் கடை இருக்கிறது. அண்ணன் வேட்டி கட்டாமல், பேன்ட் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளன் மாதிரி அங்கே போயிருக்கிறான். இன்வெர்ட்டர் விலையெல்லாம் விசாரித்துவிட்டு, எதிர்க்கடைக்காரன் எப்படி ஆள் என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறான்.

"அவன் பேச்சையே எடுக்காதியும்னுட்டான்," என்றான் அண்ணன்.

உள்ளே துணி மடிக்கிற சத்தம் நின்றது.

"ஏனாம்?"

"அவனால சங்ஷன்ல யாவாரமே கெட்டுப் போச்சாம். புது பேட்டரி வேணும்னு ஒருத்தன் போனா, பழசக் கொண்டான்னு வாங்கிப் பாத்து, தண்ணி ஊத்திக் குடுத்து, இது இன்னும் ரெண்டு வருசம் ஓடும், வீட்டுக்குப் போன்னு அனுப்பிருகானாம். பெரிய இன்வெர்ட்டர் கேட்டாக்க, ஒங்க வீட்டுக்கு இது எதுக்கு, சின்னது போதும்னு சொல்லுகானாம். இவன் கடையில வாங்குன ஒருத்தர்கிட்டயும் அதையே சொல்லி, அவரு சாமானத் திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டுப் போயிட்டாராம். நானும் சொல்லிப் பாத்துட்டேன், யாவாரி சங்கத்துல வச்சும் சொல்லியாச்சு, அந்தப் பெயலுக்கு ஒரு பொய் சொல்ல வரமாட்டேங்குன்னு அந்த ஆளு தலையில அடிச்சுக்கிட்டான்."

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

"பொழைக்கத் தெரியாத பெய," என்றான் அண்ணன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மறுபடி மாட்டிக்கொண்டான். "ஏட்டி, கார்த்திகைக்குள்ள நாள் ஏதாவது கெடக்கான்னு அந்தக் காலண்டர எடுத்துப் பாரு."

மதினி எழுவதற்குள் உள்ளறையில் இருந்து பகவதியின் குரல் வந்தது.

"வியாழக்கெழம இருக்குப்பா. நான் பாத்தாச்சு."